தாயை இழந்த செம்மறிக் குட்டி: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டு தீர்க்கும் முறை

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மேச்சேரி இனச் செம்மறிகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தாயில்லாக் குட்டியை வளர்க்கும் வேலை ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்துசேரும். இரவில் பட்டிக்குள் புகுந்த நாய்கள் கடித்துத் தாய் செத்திருக்கலாம். ஈற்றுச் சிக்கலில் போயிருக்கலாம். உயிரோடு இருந்தும் மடிநோய் கண்டு காம்புகள் அடைத்திருக்கலாம். அல்லது தலைச்சன் ஆடு குட்டியை நக்கிக்கூடப் பாராமல் எழுந்து மேயப் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் குட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்தவுடன் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி வாயில் ஊற்றிவிட வேண்டும். எங்கள் பட்டியில் இறந்த தாயில்லாக் குட்டிகளை எண்ணிப் பார்த்தால், பட்டினியில் போனவற்றைவிட இந்த அவசரப் பாலில் போனவையே மிகுதி.

ஆகவே, கீழே உள்ள எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். குட்டி பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது? அதன் உடல் சூடு எவ்வளவு? முதற்கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காவிட்டால் தொப்புள்கொடியைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்: கொடி ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் பிறந்து சில மணி நேரமே ஆகியிருக்கும், நூலாகக் காய்ந்து சுருங்கியிருந்தால் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டாவது கேள்விக்கு மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் டிஜிட்டல் வெப்பமானியே போதும். அதன் நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் ஓர் அங்குலம் செலுத்திப் பார்க்க வேண்டும். அந்த வெப்பமானியை அதன்பின் வீட்டார் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதன் மேல் சிவப்பு நூலைக் கட்டித் தொழுவத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

குட்டியின் இயல்பான சூடு 102 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை. நமக்குச் சுகமான 98.6 டிகிரி ஆட்டுக்குட்டிக்கு ஆபத்தான எல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

குட்டி குளிர்ந்து, தலை தொங்கி, எழ முடியாமல் கிடக்கிறது

வாய்க்குள் விரலை வைத்துப் பார்க்கும்போது உட்புறம் சில்லென்று இருந்தால், வெப்பமானி கைக்கு வரும் முன்பே செய்ய வேண்டியது உடலைத் துடைத்து உலர்த்துவதுதான். ஈரத்தோடு இருக்கும் குட்டியை எந்தச் சூட்டின் அருகில் வைத்தாலும், ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் இழுத்துக்கொண்டே போகும். பழைய பருத்தித் துணியாலோ சாக்காலோ நெஞ்சையும் முதுகையும் அழுத்தித் தேய்த்தால் மூச்சும் சீராகும்.

அதன்பின் சூட்டை அளந்து, மூன்று நிலைகளில் எதுவென்று தீர்மானிக்க வேண்டும். 98.6 டிகிரிக்கும் 102 டிகிரிக்கும் இடையில் இருந்து, தலையைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளும் குட்டியை உலர்த்தி, சீம்பாலோ பாலோ கொடுத்து, காற்றுப்படாத இடத்தில் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். 98.6 டிகிரிக்குக் கீழே போயிருந்தாலும் பிறந்து 5 மணி நேரத்துக்குள் என்றால் முதலில் சூடேற்ற வேண்டும். சூடு அந்த எல்லையைத் தாண்டிய பிறகே பால். புதிதாகப் பிறந்த குட்டியின் உடலில் சூடு உண்டாக்குவதற்கென்றே ஒரு வகைக் கொழுப்பு இருக்கும்; முதல் சில மணி நேரத்துக்கு அது கைகொடுக்கும் என்பதால்தான் இந்த வரிசை.

மூன்றாவது நிலைதான் பலருக்கும் தெரியாமல் குட்டியைக் கொல்வது. பிறந்து 5 மணி நேரம் கடந்து, பால் குடிக்காமல், சூடு 98.6 டிகிரிக்குக் கீழே இறங்கிய குட்டியின் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அந்நிலையில் அதை அடுப்பங்கரையிலோ விளக்கின் கீழோ வைத்துச் சூடேற்றினால், உடல் விழித்துக்கொண்டு மிச்சமிருக்கும் சர்க்கரையையும் செலவழித்துவிட, மூளைக்கு எரிபொருள் இல்லாமல் கால்களை உதைத்துக்கொண்டு வலிப்பு வந்து இறந்துபோகும். ‘நன்றாகத்தான் தேறி வந்தது, திடீரென்று வெட்டி இழுத்துப் போய்விட்டது’ என்று சொல்லப்படுபவற்றில் பல இவ்வகைதான். இதற்கு மருத்துவம், சூடேற்றும் முன் கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான 20 சதவீதக் குளுக்கோஸ் கரைசலைக் கிலோவுக்கு 10 மில்லி வீதம் வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்துவது. பார்த்துப் பழகாதவர் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. குடலையோ சிறுநீர்ப் பையையோ துளைத்துவிட வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். மருத்துவர் வரும்வரை, விரலை வைத்தால் சப்பும் அளவுக்கு நினைவிருக்கும் குட்டிக்கு மட்டும், குளுக்கோஸைக் கெட்டியாகக் கரைத்து ஈறில் துளித்துளியாகத் தடவலாம். நினைவற்றுக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகும்.

சூடேற்றுவதற்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பழைய குண்டு பல்பு ஒன்றைக் குட்டிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாலே போதும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி இரு பக்கமும் அணைத்து வைக்கலாம். துணியில்லாமல் வைத்தால் அசைய முடியாத குட்டியின் தோல் வெந்துவிடும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை சூட்டை அளந்து, 101 டிகிரியைத் தாண்டியதும் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் வரும் குட்டிக்கு இத்தனையும் தேவைப்படாது. மார்கழி, தை மாதப் பனியிலும் மழையில் நனைந்து வரும்போதும்தான் தேவைப்படும்.

பிறந்த அன்றே தாயை இழந்தது. சீம்பால் குடித்ததா என்று தெரியவில்லை

தெரியவில்லை என்றால் குடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஓரளவு வந்துசேர்கின்றன. செம்மறியின் நச்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. எனவே குட்டி நோய் எதிர்ப்பு ஏதுமின்றிப் பிறந்து, சீம்பாலின் வழியாகவே அதைப் பெறுகிறது. குடலும் அந்தப் பொருள்களை முதல் சில மணி நேரத்தில் தாராளமாகவும், பின் குறைந்துகொண்டே வந்தும் உறிஞ்சி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அடியோடு நிறுத்திவிடுகிறது. மறுநாள் மாலையில் எங்கிருந்தோ வாங்கி வந்த சீம்பால் உணவாகுமே தவிரக் காப்பாகாது.

அளவு, முதல் 2 மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லியும், முதல் நாள் முழுவதற்குமாகக் கிலோவுக்கு 200 மில்லியும் ஆகும். இரண்டரைக் கிலோக் குட்டியென்றால் முதல் வேளைக்கு 125 மில்லி, ஒரு நாளைக்கு அரை லிட்டர். கண்ணால் பார்த்து எடையைச் சொல்லுகிறவர்களை நம்பாமல், ஒரு பையில் குட்டியை வைத்துக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னர் வரும் ஒவ்வொரு கணக்குக்கும் இந்த எண் தேவைப்படும்.

எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு வரிசை உண்டு. தாய் இறந்து சிறிது நேரமே ஆகியிருந்து, அது நோயில் சாகாமல் அடிபட்டுச் செத்திருந்தால், மடியில் இருப்பதை உடனே கறந்துகொள்ளலாம். மனம் ஒப்பாத வேலைதான், ஆனாலும் அதைவிடப் பொருத்தமான சீம்பால் வேறில்லை. அடுத்தது, அன்றோ முந்தைய நாளோ ஈன்ற வேறு செம்மறி, அதற்கடுத்து வெள்ளாடு, அதற்கும் வழியில்லையேல் பசு. பசுவின் சீம்பால் ஆட்டுச் சீம்பாலைவிடச் சத்துக் குறைந்தது என்பதால் அளவைச் சற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும். மிக அரிதாகச் சில பசுக்களின் சீம்பால் குட்டியின் சிவப்பணுக்களை அழித்து இரண்டொரு வாரத்தில் சோகையை உண்டாக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பசுக்களின் சீம்பாலைக் கலந்து கொடுத்தால் அந்த அபாயம் குறையும்.

அடுத்த ஈற்றுக் காலத்தில் பால் மிகுந்த ஆடு ஒன்றிடம் மிச்சம் இருந்தால், 100 மில்லிச் சிறு பாட்டில்களில் நிரப்பி உறைய வைத்துவிடலாம். உறைந்ததை இளக்க, கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் சீம்பால் திரிந்து கட்டியாவதோடு, எதற்காகக் கொடுக்கிறோமோ அந்தப் பொருள்களே கெட்டுப்போகும்.

சீம்பாலைக் கொடுத்த கையோடு தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முழுவதும் தோய்த்துவிட வேண்டும். மஞ்சளையோ சாம்பலையோ அப்புவதைவிட இது நம்பகமானது.

புட்டியை வாயில் வைத்தால் சப்ப மறுக்கிறது

முதலில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலையும் சப்பவில்லை என்றால் குறை புட்டியில் இல்லை, குட்டியில் இருக்கிறது. மேலே சொன்ன சூட்டு அளவுக்குத் திரும்ப வேண்டும். விரலைச் சப்பி ரப்பரை மட்டும் துப்பினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பால் ஆறிப்போயிருக்கலாம்: மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். ரப்பரின் துளை சிறிதாக இருக்கலாம்: புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், விழாவிட்டால் சுட்ட ஊசியால் துளையைச் சற்றே பெரிதாக்கலாம், ஆனால் தாரையாகக் கொட்டினால் அந்த ரப்பரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அல்லது, சில நாள் தாய்மடியில் குடித்து வளர்ந்த குட்டிக்கு ரப்பரின் சுவையும் மணமும் பிடிக்காமல் இருக்கலாம்.

இந்த மூன்றாவதற்குப் பொறுமைதான் மருந்து. குட்டியை நிற்க வைத்து, பின்புறம் நம் முழங்காலில் முட்டும்படி நிறுத்தி, தாடையை ஒரு கையால் தாங்கி, ரப்பரில் துளிப் பாலைத் தடவி வாயில் வைத்து, மறு கையால் வாலடியை மெல்லச் சுரண்ட வேண்டும். தாய் ஆடு பாலூட்டும்போது குட்டியின் பின்புறத்தை முகர்ந்து நக்குவது குட்டிக்குக் குடிக்கச் சொல்லும் சைகை. அதையேதான் நாமும் செய்கிறோம். கண்களை உள்ளங்கையால் மறைத்தால் சில குட்டிகள் மடிக்கு அடியில் இருப்பதாக எண்ணிச் சட்டென்று குடிக்கத் தொடங்கும். பசித்தால் தானே குடிக்கும் என்று ஒரு பகல் முழுவதும் விட்டுவைப்பது ஒரு வாரத்துக்கு உட்பட்ட குட்டியிடம் செய்யக் கூடாத சோதனை.

குடிக்கும்போது இருமுகிறது, மூக்கின் வழியே பால் வருகிறது

உடனே புட்டியை எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாக்க மடியில் கிடத்திப் பாலூட்டுவதே இதற்குப் பெருங்காரணம். பார்க்க அழகாக இருக்கும், குட்டிக்கு ஆகாது. நின்றபடியோ நெஞ்சு தரையில் பட அமர்ந்தபடியோ, தாய்மடியை எட்டும் அளவுக்கு மட்டும் கழுத்தை நீட்டிக் குடிக்கும்போதுதான் உணவுக்குழலில் உள்ள மடிப்பு மூடி, பால் முதல் வயிற்றில் விழாமல் நேரே நான்காவது வயிற்றுக்குப் போகிறது. சங்கடையில் (பாலூட்டும் சங்கில்) ஊற்றுவதும் சிரிஞ்சியால் பீய்ச்சுவதும் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும். பால் புரையேறிய குட்டி அடுத்த இரண்டு மூன்று நாளில் வேகமாக மூச்சு வாங்கினாலோ சூடு 104 டிகிரியைத் தாண்டினாலோ அது நுரையீரல் அழற்சி. மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் மூக்கில் பால் வந்தால் வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு கொடுத்தாலும் கத்திக்கொண்டே இருக்கிறது

கத்தல் எல்லாம் பசியன்று. வயிற்றின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்து, குழி விழுந்திருந்தால் பசி. நிரம்பியிருந்தும் கத்தினால் தனிமை. செம்மறி மந்தையோடு வாழப் பிறந்த உயிர். மற்றொரு குட்டியையோ சாதுவான வெள்ளாட்டையோ அருகில் கட்டினால் பாதிக் கத்தல் நின்றுவிடும். கத்தலை நிறுத்துவதற்காகவே பாலைக் கூட்டுவதுதான் பின்வரும் கழிச்சலுக்கும் உப்புசத்துக்கும் வாசல் திறந்துவிடுவது.

உண்மையான பசி என்றால் பாலின் தரத்தைப் பார்க்க வேண்டும். செம்மறிப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம். பசும்பாலில் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். குட்டிக்குச் செரிக்காது என்று அந்தப் பசும்பாலிலும் தண்ணீர் கலந்து கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அது குட்டியை நிறைந்த வயிற்றோடு பட்டினி போடுவதாகும். வெள்ளாட்டுப் பால், எருமைப் பால், 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாக்கெட் பால் ஆகியவற்றில் எது நாள்தோறும் தவறாமல் கிடைக்குமோ அதைத் தேர்ந்து, அதையே தொடர வேண்டும். நினைத்தபடி மாற்றினால் வயிறு கலங்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம்.

ஒரு நாளைய அளவு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். 3 கிலோக் குட்டிக்கு 450 முதல் 600 மில்லி வரை. முதல் வாரத்தில் இதை ஐந்தாறு வேளையாகவும், அடுத்த இரண்டு வாரங்களில் நான்கு வேளையாகவும், அதன்பின் மூன்று வேளையாகவும் பிரிக்கலாம். இரவு பத்து மணிக்கு ஒன்றும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டால் வீட்டில் ஒருவருக்காவது உறக்கம் மிஞ்சும். வாரந்தோறும் எடை பார்த்து அளவைத் திருத்த வேண்டும்.

கழிச்சல்

முதலில் நிறத்தையும் வயதையும் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நாளில் தார்போலக் கறுத்த ஒட்டும் மலமும், அடுத்து மஞ்சளாகக் களிபோல் வருவதும் இயல்பு. நீர்த்து, வாலையும் தொடையையும் நனைத்துப் போனால்தான் கழிச்சல்.

குட்டி துள்ளிக்கொண்டு, பசியோடு இருந்தால் பெரும்பாலும் அளவு மிகுந்ததோ, பால் மாறியதோ, புட்டி சரியாகக் கழுவப்படாததோ காரணம். ரப்பரைப் பிரித்து உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே புளித்த பால் ஆடையாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிக் கவிழ்த்து வைப்பதே இதற்கு மருந்து.

நீர்ச்சத்து எவ்வளவு இழந்திருக்கிறது என்பதைக் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்த்து அறியலாம். தோல் உடனே படிந்தால் பாதகமில்லை. மெல்ல இறங்கி, கண்களும் குழி விழுந்திருந்தால் நிலைமை முற்றியிருக்கிறது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, பால் வேளைகளுக்கு இடையில், இளஞ்சூடாக 100 மில்லி அளவில் கொடுக்க வேண்டும். உப்பின் அளவில் கைத்தவறு கூடாது. இந்தக் கரைசலைப் பாலோடு கலந்தும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் பால் முறையாகத் தயிராக உறையாமல் கழிச்சல் நீடிக்கும். பாலை அடியோடு நிறுத்தி இரண்டு நாள் வெறும் உப்புச் சர்க்கரை நீரிலேயே வைத்திருப்பதும் தவறு. கழிச்சல் நிற்கும், குட்டி நிற்காது.

சாணத்தில் இரத்தம் கலந்து, முக்கி முக்கிப் போகிறது, குட்டியின் வயதும் மூன்று வாரத்துக்கு மேல் என்றால் இரத்தக் கழிச்சல் என்னும் காக்சிடியா நோயாக இருக்கக்கூடும். சாணப் பரிசோதனை செய்து மருத்துவர் தரும் மருந்தால்தான் இது தீரும். ஈரமும் பழைய சாணமும் தேங்கிய தரையில் இந்தக் கிருமி பெருகும் என்பதால் இடத்தை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவதையும் மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையைக் கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். கழிச்சல் கண்ட குட்டியிடமிருந்து சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்; குழந்தைகள் குட்டியைத் தூக்கினால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே சாப்பிட உட்கார வேண்டும்.

வாயில் எச்சில் ஒழுகுகிறது, வயிறு பருத்திருக்கிறது, சாணம் இல்லை

பிறந்து 12 மணி நேரத்திலிருந்து 3 நாளைக்குள் இருக்கும் குட்டியிடம் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. சீம்பால் கிடைக்காத குட்டியின் குடலில் அழுக்கிலிருந்து வந்த கிருமிகள் பெருகி நஞ்சை வெளிவிடுவதால் வருவது இது. முகவாய் நனைந்து, வாய் குளிர்ந்து, தூக்கி அசைத்தால் வயிற்றில் தண்ணீர் குலுங்கும் ஓசை கேட்கும். மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும். ஒரு பகல் தாமதித்தாலே பெரும்பாலும் பிழைப்பதில்லை.

எச்சில் ஒழுகாமல், குட்டி கலகலப்பாக இருந்து, சாணம் மட்டும் வரவில்லையென்றால் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தாய் நக்கிச் சுத்தம் செய்யாத குட்டிக்கு மஞ்சள் சாணம் காய்ந்து வாலோடு ஒட்டி ஆசனவாயையே அடைத்துவிடும். பிய்த்தெடுத்தால் தோல் கிழியும். வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் அடுத்த முறை ஒட்டாது.

பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு தம்பூராபோல் உப்புகிறது

இரண்டு மூன்று வார வயதில், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குட்டிக்கே இது பெரும்பாலும் வரும். பெரிய அளவுச் சூடான பால் ஒரே மூச்சில் உள்ளே போய், நான்காவது வயிற்றில் கிருமிகளால் புளித்து வாயு நிரம்புகிறது. கொழுத்து நிற்கும் குட்டி சில மணி நேரத்தில் இறந்துபோவதால் பாம்பு கடித்ததென்றும் கண்ணேறு என்றும் சொல்லிவிடுவார்கள். உப்பிய குட்டியைப் படுக்கவிடாமல் நடக்க வைத்து, அடுத்த வேளைப் பாலை நிறுத்தி, மருத்துவரை அழைக்க வேண்டும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் வேலை அவருடையது. வராமல் தடுப்பது நம் கையில் உள்ளது. ஒரு வேளை தவறியதற்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. திருமண வீட்டுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய நாளில்தான் எங்கள் வீட்டில் இது நேர்ந்தது. இரண்டு வாரம் கடந்த குட்டியின் பாலில் ஒரு கரண்டி புதுத் தயிரைக் கலந்து கொடுக்கும் வழக்கமும் சில பண்ணைகளில் உண்டு.

நொண்டுகிறது, முழங்கால் சூடாக வீங்கியிருக்கிறது

அடிபட்டிருக்கும் என்று எண்ணி எண்ணெய் நீவுவதற்கு முன் தொப்புளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொப்புள் தடித்திருந்தாலோ சீழ் வந்தாலோ, அதன் வழியே நுழைந்த கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டில் தங்கியிருக்கிறது என்று பொருள். தொடக்கத்திலேயே, மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு முழுவதும் ஊசி போட்டால் தேறும். வீக்கம் வற்றியதென்று பாதியில் நிறுத்தினால் குட்டி ஆயுளுக்கும் நொண்டும்.

கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் கீழிமை உள்நோக்கி மடிந்து மயிர் கண்ணை உரசுகிறதா என்று பார்க்கவும். இமையை வெளிப்புறமாக நாளுக்குச் சில முறை இழுத்துவிட்டாலே சிலவற்றுக்குச் சரியாகும்.

ஈறும் கீழிமையின் உட்புறமும் இளஞ்சிவப்பு மாறி வெளுத்திருந்தால் மயிரை விலக்கித் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் தேட வேண்டும். சிறு குட்டியின் உடலில் இருப்பதே சொற்ப இரத்தம். ஆனால் பெரிய ஆட்டுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை அதே அளவில் குட்டிக்கு அடிப்பது பூச்சியைவிட ஆபத்தானது. இடத்தைச் சுத்தம் செய்து, சீப்பால் வாரி எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். பசுவின் சீம்பால் குடித்த குட்டியென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வளர்ப்புத் தாயாக விட்ட ஆடு முட்டித் தள்ளுகிறது

புட்டிப் பாலைவிட ஒரு மடியைத் தேடித் தருவதே எப்போதும் மேலானது. அதற்காக இரண்டு மூன்று நாள் மெனக்கெட்டாலும் தகும். ஆடு தன் குட்டியை ஈன்ற சில மணி நேரத்தில் மணத்தால் பதிய வைத்துக்கொள்கிறது. அந்த மணம் இல்லாத எதையும் முட்டும். எனவே நம் வேலை மணத்தை மாற்றுவது. குட்டி செத்துப்போன ஆடு கிடைத்தால், இறந்த குட்டியின் தோலை உரித்து, கால்களுக்கு நான்கு துளை விட்டு, சட்டைபோல் நம் குட்டிக்கு மாட்டலாம். ஆடு முகர்ந்து பார்ப்பது பின்புறத்தைத்தான் என்பதால் வால் பகுதி முழுமையாக இருக்க வேண்டும். கறவைப் பசுவுக்கு வைக்கோல் அடைத்த தோற்கன்றைக் காட்டிப் பால் சுரக்க வைத்த நம் ஊர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. ஆனால் நம் வெயிலில் தோல் விரைவில் நாறி ஈ மொய்க்கும். ஆடு ஊட்டத் தொடங்கியதும், அதிகம் போனால் இரண்டாம் நாள், அகற்றிவிட வேண்டும். நோயில் செத்த குட்டியின் தோலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

அப்போதுதான் ஈன்றுகொண்டிருக்கும் ஆடு இருந்தால் இன்னும் எளிது: பனிக்குட நீரை நம் குட்டியின் உடல் முழுவதும் பூசி, ஆடு தன் சொந்தக் குட்டியை நக்கி முடிக்கும் முன்பே அதன் முகத்தருகே விட வேண்டும். சிறிது உப்பைத் தடவி விட்டாலும் நக்கத் தொடங்கும். நக்கத் தொடங்கிய ஆடு பாதி ஏற்றுக்கொண்டதாக எண்ணலாம். இவை எதுவும் பலிக்காதபோது, திரும்ப முடியாத அளவுக்குக் குறுகிய அடைப்பில் ஆட்டைக் கட்டி, தலைக்கு எட்டுமாறு தீவனமும் நீரும் வைத்து, குட்டியை உடன் விட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் தன் பாலின் மணம் குட்டியிடம் ஏறியதும் பல ஆடுகள் இணங்கும். அதற்குப் பிறகும் உதைத்தால் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கல்லாக இறுகி வலித்தால் அது பிடிவாதமன்று, மடிநோய்.

சாதுவான வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வேளைதோறும் ஊட்டவிடுவது பல வீடுகளில் நடப்பதே. அதன் சொந்தக் குட்டிக்குப் போக மிச்சம் உள்ளதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதமாகியும் பாலையே கேட்கிறது, தழையைத் தொடுவதில்லை

தாயோடு திரியும் குட்டி, தாய் கடிப்பதைப் பார்த்துத் தானும் கடிக்கக் கற்கிறது. திண்ணையில் வளர்வதற்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. பத்தாம் நாளிலிருந்தே வேலிமசால், அகத்தி, சவுண்டல் தழைகளை முகத்துக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, உடைத்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து ஒரு சிட்டிகை வாயில் வைத்துப் பழக்க வேண்டும். முன்வயிறு திடத்தீவனம் பட்டால்தான் வளரும், பாலால் வளராது. சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு மேல் பாலை மெல்லக் குறைத்தால் பசி தீவனத்துக்குத் தள்ளும். அசை போடுவதும், நாளுக்கு 150 கிராம் அளவுக்கு அடர்தீவனம் தின்பதும் உறுதியானபின், ஒரு வாரக் காலத்தில் பாலை நிறுத்தலாம். மூன்று மாதம்வரை ஒரு வேளைப் பால் தொடர்ந்தாலும் கெடுதலில்லை, செலவுதான்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையும் பன்றித் தீவனத்தையும் குட்டிக்குக் கலக்கக் கூடாது. அவற்றில் உள்ள தாமிரத்தின் அளவு மாட்டுக்கும் பன்றிக்கும் பொருந்தும். செம்மறிக்கு அது ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் சிறுநீர் கறுத்து ஆட்டைச் சாய்த்துவிடும்.

துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகளை எந்த வயதில் போடுவது என்று முடிவு செய்யும்போது, இது சீம்பால் சரியாகக் குடிக்காத குட்டி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாயிடமிருந்து காப்பு வந்திருக்கிறது என்ற வழக்கமான கணக்கு இதற்குப் பொருந்தாது.

மந்தையோடு போக மறுத்து வீட்டுக்கே ஓடி வருகிறது; மனிதரை முட்டுகிறது

முதலாவது தொல்லை, இரண்டாவது ஆபத்து. மூன்றாம் வாரத்திலிருந்தே பகலில் சில மணி நேரம் மற்றக் குட்டிகளோடு படலுக்குள் அடைத்து, புட்டியையும் அங்கேயே வைத்துக் கொடுத்தால், பால் வரும் இடம் அடுப்படி அன்று, பட்டிதான் என்று பழகிவிடும். ஏற்கெனவே வீட்டோடு ஒட்டிய குட்டியை மேய்ச்சலுக்குத் தனியாக விரட்டிப் பயனில்லை. அதனுடன் வளர்ந்த மற்றொரு குட்டியோடு சேர்த்தே விட வேண்டும்.

கிடாக் குட்டியென்றால் முதல் நாளிலிருந்தே வீட்டுக் குழந்தைகளுக்கு ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: நெற்றியைக் கையால் தள்ளி விளையாடக் கூடாது. மனிதரைக் கண்டு அஞ்சாமல் வளர்ந்த கிடா, ஆறேழு மாதத்தில் மனிதரையும் மந்தையின் இன்னொரு கிடாவாகவே எண்ணும். குனிந்து தீவனம் வைக்கும் பெரியவர்களை முட்டி இடுப்பை ஒடித்துவிடக்கூடிய வலிமை அதற்குள் வந்திருக்கும். அப்படி முட்டத் தொடங்கியதை அடித்துத் திருத்த முயன்றால் மேலும் முட்டும். அதை இனவிருத்திக்கு நிறுத்தாமல், இளவயதிலேயே காயடித்து மந்தையோடு விடுவதா விற்றுவிடுவதா என்பதை முட்டத் தொடங்கிய அந்த மாதத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.